3 லட்சம் பேர் பார்த்த விழா... 50 ஆண்டுகள் அடித்தள அறையில் கிடந்த கதை! - 'சம்மர் ஆஃப் சோல்'

2022 மார்ச் 27 ஆஸ்கர் விழா யாருக்கு மறக்கும்? அமெரிக்காவில் ஞாயிறு இரவு, இங்கே திங்கள் காலை. அலுவலகம் கிளம்பும் அவசரத்திலும் எல்லோர் போனிலும் ஒரே வீடியோ. வில் ஸ்மித் விறுவிறுவென மேடையேறி, கிறிஸ் ராக்கின் கன்னத்தில் விட்ட அறை. மீம்ஸ், விவாதம், மன்னிப்பு என்று அடுத்த பல நாள்களுக்கு அதே பேச்சுதான்.

அந்தக் களேபரத்தில் ஒரு விஷயம் காணாமல் போனது. கிறிஸ் ராக் அந்த மேடைக்கு எதற்காக வந்தார்?

சிறந்த ஆவணப்படத்துக்கான விருதை அறிவிக்கத்தான் வந்தார். அறை வாங்கிய அடுத்த சில நிமிடங்களில் அந்தப் பெயரை வாசித்தார்: 'சம்மர் ஆஃப் சோல்'. அரங்கமே என்ன நடந்தது என்று புரியாமல் உறைந்திருந்த அந்த நேரத்தில், கண்ணில் நீரோடு மேடையேறினார் அதன் இயக்குநர் க்வெஸ்ட்லவ். இது தன்னைப் பற்றிய தருணம் அல்ல, வலியிலிருந்து மீள ஏங்கிய ஹார்லெம் மக்களைப் பற்றியது என்று தழுதழுத்தபடி சொன்னார். கேட்க வேண்டிய பேச்சு அது. ஆனால், கேட்கும் மனநிலையில் யாரும் இல்லை.

இதில் ஒரு கொடுமையான பொருத்தம் இருக்கிறது. ஒரு மாபெரும் கொண்டாட்டம், அதைவிடச் சத்தமான வேறொன்றின் நிழலில் காணாமல் போன கதையைத்தான் அந்தப் படம் சொல்கிறது. விருது வாங்கிய இரவிலும் அதற்கு அதே கதி!

பூங்காவில் ஒரு கோடை

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் தீவில், வடக்குப் பகுதியில் இருக்கிறது ஹார்லெம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நிறவெறிச் சட்டங்களும் கொலைவெறிக் கும்பல்களும் துரத்த, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கு நோக்கிப் புலம்பெயர்ந்தார்கள். அவர்களில் பலர் வந்து சேர்ந்த இடம் இது. 1920-களில் கவிஞர்களும் ஜாஸ் கலைஞர்களும் ஹார்லெமைக் கறுப்பினப் பண்பாட்டின் தலைநகராக்கினார்கள். புகழ்பெற்ற அப்போலோ தியேட்டர் இருப்பதும் இங்கேதான்.

1969-ல் அந்தப் பெருமையின் மீது புழுதி படிந்திருந்தது. 1964-ல் 15 வயதுக் கறுப்பினச் சிறுவனை ஒரு போலீஸ் அதிகாரி சுட்டுக் கொன்றதில் ஹார்லெம் கலவரத்தில் பற்றி எரிந்தது. 1965-ல் மால்கம் எக்ஸ், ஹார்லெமை ஒட்டிய ஓர் அரங்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது நாடு முழுவதும் தீ. இது போதாதென்று, தெருவுக்குத் தெரு ஹெராயின் புகுந்து இளைஞர்களைத் தின்றுகொண்டிருந்தது.

இந்தச் சூழலில்தான் டோனி லாரன்ஸ் என்ற பாடகர் ஒரு விழா நடத்தினார். பெரிய நட்சத்திரம் எல்லாம் இல்லை. இரவு விடுதிகளில் பாடுபவர். ஆனால், பேசிப் பேசியே ஆளை மடக்கும் சாமர்த்தியம் அவருக்கு உண்டு. 1967-ல் சிறிய அளவில் தொடங்கிய 'ஹார்லெம் கலாசார விழா'வை 1969-ல் யாரும் நினைத்துப் பார்க்காத அளவுக்குப் பெரிதாக்கினார். நகர மேயர் ஜான் லிண்ட்ஸேவின் ஆதரவைப் பெற்றார். மாக்ஸ்வெல் ஹவுஸ் காபி நிறுவனத்தை ஸ்பான்ஸர் ஆக்கினார். கலைஞர்களிடம் காபி கம்பெனி பணம் தருவதாகச் சொல்லி, கம்பெனியிடம் கலைஞர்கள் வருவதாகச் சொல்லி... விழா நடத்துபவர்களுக்குத் தெரிந்த வித்தைதான்!

ஜூன் 29 முதல் ஆகஸ்ட் 24 வரை, ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். இடம், மௌன்ட் மாரிஸ் பூங்கா. அனுமதி இலவசம். மொத்தமாக வந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். பாட்டிகள் தொப்பி வைத்துக்கொண்டு வந்தார்கள். அப்பாக்கள் தோளில் பிள்ளைகளைத் தூக்கி வந்தார்கள். இடம் கிடைக்காத பையன்கள் மரத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். சர்ச்சுக்குப் போன அதே உடையில் சிலர், ஆப்பிரிக்க தாஷிகி சட்டையும் சுருட்டை முடியை வெட்டாமல் வளர்த்த ஆஃப்ரோ தலையுமாகச் சிலர்.

மேடையில் யார் யார்? ஸ்டீவி வொண்டர், பி.பி.கிங், நீனா சிமோன், மஹேலியா ஜாக்ஸன், கிளாடிஸ் நைட், ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன்... அந்தக் காலத்தில் ரேடியோவைத் திருப்பினால் கேட்ட குரல்கள் எல்லாம், டிக்கெட் இல்லாமல், பக்கத்துப் பூங்காவில்.

மேற்கு பார்த்த மேடை

இதையெல்லாம் படம் பிடித்தவர் ஹால் டல்ச்சின். தொலைக்காட்சி இயக்குநர். யூடியூபும் செல்போனும் இல்லாத காலத்தில் இப்படியொரு விழாவைப் பதிவு செய்யாமல் விட்டால் போச்சு என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கையில் பெரிய பட்ஜெட் இல்லை. மேடைக்கு விளக்கு போடப் பணமில்லை. அதனால் மேடையை மேற்கு பார்த்து அமைக்கச் சொன்னார். மதியத்திலிருந்து சாயங்காலம் வரை சூரியனே விளக்கு! படத்தில் பாடகர்களின் முகத்தில் விழும் அந்தத் தங்க நிற வெளிச்சம் இப்படி வந்ததுதான். காசில்லாமல் செய்த ஏற்பாடு, 50 ஆண்டு கழித்துப் பார்த்தாலும் கண்ணைப் பறிக்கிறது.

சுமார் 40 மணி நேரக் காட்சிகள் வீடியோ டேப்பில் பதிவாயின. அதே 1969-லேயே ஒரு மணி நேர நிகழ்ச்சிகளாகச் சில பகுதிகள் தொலைக்காட்சியில் வந்தன. அவ்வளவுதான். மொத்தத்தையும் ஒரு படமாக்க டல்ச்சின் ஏறாத வாசல் இல்லை. கறுப்பினத்தவர் பாடும் நிகழ்ச்சியை யார் பார்ப்பார்கள் என்பதுதான் போன இடமெல்லாம் கிடைத்த பதில்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 15-ம் தேதி, ஹார்லெமிலிருந்து சுமார் 100 மைல் தொலைவில் ஒரு பால் பண்ணை நிலத்தில் இன்னொரு இசை விழா தொடங்கியது. அதன் பெயர் உலகத்துக்கே தெரியும்: வுட்ஸ்டாக். அங்கே திரண்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையின இளைஞர்கள். மழை, சேறு, ஹிப்பி, கிட்டார் என்று அந்த விழா ஒரு தலைமுறையின் அடையாளமாகவே மாறியது. அடுத்த ஆண்டே படமாக வந்தது. 1971-ல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கரையும் வாங்கியது.

டல்ச்சின் தன் டேப்புகளுக்கு 'கறுப்பு வுட்ஸ்டாக்' என்று பெயர் வைத்துக்கூட விற்றுப் பார்த்தார். ஹார்லெம் விழா தொடங்கியது வுட்ஸ்டாக்குக்கு ஒன்றரை மாதம் முன்பு. மூத்தவன் தம்பியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வாசல் வாசலாக நின்ற கதை. அப்போதும் கதவு திறக்கவில்லை. டேப்புகள் அவர் வீட்டு அடித்தள அறைக்குப் போயின.

இடையில் யாருமே அவற்றைத் தொடவில்லை என்று சொல்வது கொஞ்சம் மிகை. 2000-களில் பழைய காட்சிகளைச் சேகரிக்கும் ஆவணக் காப்பாளர் ஒருவர் அவற்றின் அருமையை உணர்ந்து, டிஜிட்டலாக மாற்றும் வேலையில் இறங்கினார். படமெடுக்கும் ஒரு முயற்சியும் நடந்தது, பாதியில் நின்றது. நீனா சிமோன் பாடும் காட்சிகள் சில தனியாக வெளிவந்தன. முழுக் கதை மட்டும் வெளியே வரவே இல்லை. 2017-ல், தன் 90-வது வயதில் டல்ச்சின் காலமானார். அவரிடமிருந்து உரிமையைப் பெற்றிருந்த தயாரிப்பாளர் ராபர்ட் ஃபைவோலன்ட்தான் அந்தப் பெட்டிகளை அடுத்த தலைமுறையிடம் கொண்டு சேர்த்தார்.

ஐந்து மாதம் ஓடிய டிவி

க்வெஸ்ட்லவ்வின் இயற்பெயர் அமீர் தாம்ஸன். பிலடெல்பியாக்காரர். 'தி ரூட்ஸ்' என்ற ஹிப்ஹாப் குழுவின் டிரம்மர். 1950-களில் பாடகராக இருந்த லீ ஆண்ட்ரூஸின் மகன். பழைய பாட்டு எதைக் கேட்டாலும் ஆண்டு, ஸ்டூடியோ, யார் டிரம் வாசித்தது என்று கடகடவென ஒப்பிக்கும் ஆசாமி. அப்படிப்பட்டவரிடம் போய், 1969-ல் ஹார்லெமில் இப்படி ஒரு விழா நடந்தது, 40 மணி நேரம் காட்சி இருக்கிறது என்றபோது, அவர் நம்பவே இல்லையாம். நடந்திருந்தால் எனக்குத் தெரியாமல் இருக்குமா என்பதுதான் அவர் எண்ணம்.

வேடிக்கை என்னவென்றால், அவர் அதை ஏற்கெனவே பார்த்திருந்தார். 1997-ல் டோக்கியோவில் ஓர் உணவகத்தின் திரையில் ஸ்லை ஸ்டோன் பாடும் இரண்டு நிமிடக் காட்சி ஓடியிருக்கிறது. ஐரோப்பாவில் ஏதோ ஒரு விழா போல என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார். தன் சொந்த ஜனங்களின் கொண்டாட்டத்தை ஜப்பானில் பார்த்தும் அடையாளம் தெரியவில்லை.

படத்தை இயக்க ஒப்புக்கொண்ட பிறகு, ஐந்து மாதங்கள் அவர் வீட்டில் அந்தக் காட்சிகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருந்தன. சாப்பிடும்போதும் தூங்கும்போதும். எந்த இடத்தில் மெய் சிலிர்க்கிறதோ, அந்த இடத்தை மட்டும் குறித்து வைத்தார். இயக்குநராக அவருக்கு அது முதல் படம். முதலில் வெட்டி ஒட்டியது மூன்று மணி நேரத்துக்கும் மேல் வந்தது. அதைச் சுருக்கிச் சுருக்கி இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்தார்.

படத்தின் தொடக்கமே அமர்க்களம். 19 வயது ஸ்டீவி வொண்டர், பாடுவதற்குப் பதிலாக டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்து பின்னியெடுக்கிறார். பார்வையற்ற அந்த இளைஞனின் கைகள் எந்தத் தட்டு எங்கே இருக்கிறது என்று தேடவே இல்லை. டிரம்மர் இயக்கிய படம் வேறு எப்படித் தொடங்கும்!

ஸ்டீவி வாசித்த அந்த நாள் ஜூலை 20, 1969. தேதி எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்த அதே நாள். உலகமே டிவி முன்னால் உட்கார்ந்திருக்க, ஹார்லெம் பூங்காவில் கூட்டம் குறையவில்லை. நிலவுப் பயணம் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று டிவி நிருபர்கள் அங்கிருந்தவர்களிடம் மைக்கை நீட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் இங்கே பசியோடு இருப்பவர்களுக்குச் சோறு போட்டிருக்கலாமே என்கிற பதில் வருகிறது. கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகச் சொல்கிறார்கள். பள்ளிப் பாடப் புத்தகத்தில் நாம் படித்த அந்த நாளுக்கு இப்படியும் ஒரு பக்கம் இருந்திருக்கிறது.

கேட்ட பாட்டு, கடைசிப் பாட்டு

படத்தின் உச்சம் எது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆனால், ஜூலை 13-ம் தேதி நடந்ததை மிஞ்ச எதுவும் இல்லை.

அன்று காஸ்பெல் நாள். காஸ்பெல் என்பது கறுப்பின தேவாலயங்களில் பிறந்த பக்தி இசை. அதன் பேரரசி மஹேலியா ஜாக்ஸன். 1963-ல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிக்கொண்டிருந்தபோது, அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று பக்கத்திலிருந்து குரல் கொடுத்தவர் இவர்தான் என்பார்கள். எழுதி வைத்திருந்த தாள்களை விட்டுவிட்டு கிங் பேசத் தொடங்கினார். அந்தப் பகுதிதான் சரித்திரமானது.

கிங்குக்கு மிகவும் பிடித்த ஒரு பாட்டு உண்டு. 'டேக் மை ஹேண்ட், பிரெஷியஸ் லார்ட்'. மனைவியையும் பிறந்த குழந்தையையும் ஒருசேரப் பறிகொடுத்த தாமஸ் டோர்ஸி என்ற இசைக்கலைஞர் 1932-ல் எழுதியது. 1968 ஏப்ரல் 4 மாலை, மெம்ஃபிஸ் நகரில் விடுதி பால்கனியில் நின்றபடி, அன்றிரவு கூட்டத்தில் இந்தப் பாட்டை நன்றாக வாசிக்க வேண்டும் என்று பென் பிரான்ச் என்ற இசைக்கலைஞரிடம் கேட்டுக்கொண்டார் கிங். அடுத்த கணம் துப்பாக்கி வெடித்தது. அவருடைய இறுதிச் சடங்கில் இதே பாட்டைப் பாடியவர் மஹேலியா.

ஹார்லெம் மேடையில், அதே பென் பிரான்ச்சின் குழு பின்னால் நிற்கிறது. கிங்கின் கடைசி நிமிடங்களை உடனிருந்த ஜெஸ்ஸி ஜாக்ஸன் கூட்டத்துக்குச் சொல்கிறார். மஹேலியாவுக்கு அன்று உடம்பு சரியில்லை. பக்கத்தில் இருந்த மேவிஸ் ஸ்டேபிள்ஸை அழைத்து, நீ தொடங்கம்மா என்கிறார். மூன்று நாள் முன்புதான் 30 வயதைத் தொட்டிருந்த மேவிஸுக்கு மஹேலியா தெய்வம் மாதிரி. நடுக்கத்தோடு தொடங்குகிறார். பிறகு மஹேலியா மைக்கை வாங்குகிறார். மாறி மாறி, சேர்ந்து, ஒரே மைக்கில்.

அதைப் பாட்டு என்று சொல்வதா, ஒப்பாரி என்று சொல்வதா தெரியவில்லை. இரண்டு பெண்களும் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்த துக்கம் ஒரு பூங்காவில், வெயிலில், ஆயிரக்கணக்கான பேர் முன்னால் உடைகிறது. அதன் பிறகு இரண்டரை ஆண்டுகளில், 1972 ஜனவரியில் மஹேலியா இறந்துபோனார். தன் வாழ்நாளின் மிகப்பெரிய கௌரவம் அந்த மைக்கைப் பகிர்ந்துகொண்டதுதான் என்று வயதான மேவிஸ் படத்தில் நெகிழ்கிறார்.

தொலைந்த பர்ஸ்

எல்லாம் அழுகை இல்லை. 'ஃபிஃப்த் டைமென்ஷன்' குழுவின் கதையைக் கேளுங்கள். மர்லின் மெக்கூ, பில்லி டேவிஸ் ஜூனியர் இருவரும் அந்தக் குழுவின் பாடகர்கள். அதே 1969-ல் திருமணம் செய்துகொண்டவர்கள். ஒருமுறை நியூயார்க் டாக்ஸியில் பில்லி தன் பர்ஸைத் தவறவிட்டார். அதைக் கண்டெடுத்துக் கொடுத்தவர், 'ஹேர்' என்ற பிராட்வே நாடகத்தோடு தொடர்புடையவர். நன்றி சொல்லப் போன இடத்தில் நாடகத்துக்கு அழைப்பு. அங்கே கேட்ட இரண்டு பாடல்களைச் சேர்த்துப் பதிவு செய்தார்கள். அதுதான் 1969-ல் ஆறு வாரம் அமெரிக்காவின் நம்பர் ஒன் பாட்டாக இருந்த 'அக்வேரியஸ்'. பர்ஸ் தொலைந்தால் இப்படித் தொலைய வேண்டும்!

அந்த வெற்றியோடு ஒரு முள்ளும் சேர்ந்தே வந்தது. உங்கள் பாட்டு வெள்ளைக்காரர் பாட்டு மாதிரி இருக்கிறது, நீங்கள் போதுமான அளவு கறுப்பாக இல்லை என்று சொந்த மக்களே சிலர் முணுமுணுத்தார்கள். குரலுக்கு ஏது நிறம் என்று மர்லின் படத்தில் கேட்கிறார். ஹார்லெம் மக்கள் தங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற தவிப்போடுதான் அன்று அந்த மேடையில் ஏறியிருக்கிறார்கள். ஏற்றுக்கொண்டார்கள். பழைய காட்சியைத் திரையில் பார்க்கும் மர்லினுக்குப் பேச்சு வரவில்லை. கண் கலங்குகிறது.

அடுத்து ஸ்லை ஸ்டோன். கறுப்பர், வெள்ளையர், ஆண், பெண் எல்லோரும் கலந்த குழு. டிரம்மர் வெள்ளையர். ட்ரம்பெட் வாசிப்பவர் ஒரு கறுப்பினப் பெண். கோட் சூட் போட்ட பாடகர்களையே பார்த்துப் பழகிய கூட்டம் முதலில் திகைத்து, பிறகு தலைகால் தெரியாமல் ஆடுகிறது. ஹார்லெம், வுட்ஸ்டாக் இரண்டு மேடையிலும் ஸ்லை பாடினார். ஆனால், அரை நூற்றாண்டாக உலகம் அவரை நினைவில் வைத்திருந்தது அந்த இரண்டாவது மேடையில்தான்.

ஸ்லையின் நிகழ்ச்சிக்குக் காவல்துறை பாதுகாப்பு தர முன்வராததால், பிளாக் பேந்தர் அமைப்பினர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது. கறுப்பின மக்களின் தற்காப்புக்காக 1966-ல் உருவான அமைப்பு அது. அதே 1969-ல் நியூயார்க் பேந்தர்கள் 21 பேர் மீது சதி வழக்கு பாய்ந்திருந்தது. அவர்களில் ஒருவர் அஃபேனி ஷகூர். 1971 மே மாதம் குற்றமற்றவர் என விடுதலையானார். அடுத்த மாதம் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அவன்தான் ராப் பாடகர் டூபாக்.

ஒரு சொல் மாறிய ஆண்டு

படத்தில் பலரும் கவனிக்காமல் கடந்துவிடக்கூடிய ஓர் இடம், சார்லேன் ஹன்டர் கால்ட் வரும் பகுதி. 1961-ல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் இரண்டு கறுப்பின மாணவர்களில் ஒருவர். விடுதியில் அவர் அறைக்கு மேல் மாடியில் இருந்த மாணவிகள், அவரைத் தூங்கவிடக் கூடாதென்று தரையைத் தடதடவென மிதிப்பார்களாம். இவர் என்ன செய்வார் தெரியுமா? நீனா சிமோனின் இசைத்தட்டைப் போட்டுக் கேட்பார். ஒரு பாட்டு ஒருவரை எதற்கெல்லாம் காப்பாற்றியிருக்கிறது பாருங்கள்.

பின்னாளில் அவர் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் நிருபரானார். அந்தக் காலத்தில் அமெரிக்கப் பத்திரிகைகள் கறுப்பின மக்களை 'நீக்ரோ' என்றே எழுதும். அது அடிமைக் காலத்து வாசம் வீசும் சொல். இளைய தலைமுறை 'பிளாக்' என்ற சொல்லைப் பெருமையோடு சூடிக்கொள்ளத் தொடங்கியிருந்தது. சார்லேன் 'பிளாக்' என்று எழுதி அனுப்பியதை மேசையில் இருந்தவர்கள் 'நீக்ரோ' என்று மாற்றிவிட்டார்கள். கொதித்துப்போனவர் 11 பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்திரிகை தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது.

அந்த மாற்றம் பூங்காவின் கூட்டத்திலேயே தெரிகிறது. தலைமுடியை நேராக்கிக்கொண்ட அம்மாவின் பக்கத்தில் ஆஃப்ரோ வைத்த மகள். மேடையில் இனவெறி அரசின் தென் ஆப்பிரிக்காவிலிருந்து வெளியேறி வாழ்ந்த ஹியூ மசகேலா ட்ரம்பெட் ஊதுகிறார். கியூபாவில் பிறந்த மோங்கோ சான்டமரியா கொட்டுகிறார். பக்கத்துப் பேட்டையின் போர்ட்டோ ரிக்கோ மக்களும் தங்கள் இசை வந்ததும் குதிக்கிறார்கள்.

ஆகஸ்ட் 17-ம் தேதி, வுட்ஸ்டாக்கில் லட்சக்கணக்கானோர் சேற்றில் நின்ற அதே ஞாயிற்றுக்கிழமை, ஹார்லெம் மேடைக்கு வந்தார் நீனா சிமோன். பியானோ முன்னால் ராணி மாதிரி அமர்ந்தார். தன் தோழியும் நாடக ஆசிரியையுமான லொரேன் ஹான்ஸ்பெரி 34 வயதில் மறைந்த துயரத்திலிருந்து பிறந்த புதுப் பாடல் ஒன்றைப் பாடினார். இளமையும் திறமையும் கறுப்பு நிறமும் சேர்ந்திருப்பது வரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் பாட்டு. இன்று பார்ப்பவர்களுக்குப் பாட்டைவிட, அதைக் கேட்கும் பிள்ளைகளின் முகம்தான் மனதில் நிற்கும். தங்கள் நிறத்தை யாரோ இப்படிப் புகழ்ந்து அவர்களில் பலர் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

குறை சொல்ல ஒன்று உண்டு. பாட்டு சூடு பிடிக்கும் நேரத்தில் பேட்டிக் குரல்கள் மேலே ஏறி வந்துவிடுகின்றன. ஐயோ, கொஞ்சம் பாட விடுங்களேன் என்று சில இடங்களில் தோன்றுகிறது. ஆனால், வெறும் பாட்டு மட்டும் வந்திருந்தால் இந்தக் கதைகள் தெரிந்திருக்காது என்பதும் உண்மை.

விழாவுக்கு வந்திருந்தவர்களைத் தேடிப் பிடித்து, அந்தக் காட்சிகளைப் போட்டுக் காட்டிப் பேச வைத்ததுதான் க்வெஸ்ட்லவ் செய்த நல்ல காரியம். அவர்களில் ஒருவர் 1969-ல் சின்னஞ்சிறு பையன். கூட்டத்தில் வீசிய வறுத்த கோழி மணமும், மேடையில் பார்த்த அழகான பெண்களும் அவர் நினைவில் இருக்கின்றன. ஆனால், அதைப் பற்றி யாருமே பேசாத உலகத்தில் வளர்ந்ததால், உண்மையிலேயே நடந்ததா, நானாகக் கற்பனை செய்துகொண்டேனா என்ற சந்தேகம் அவருக்கே வந்துவிட்டது. திரையில் அந்தக் கூட்டம் விரிய விரிய அவர் கண்கள் வழிகின்றன. 50 ஆண்டுக்குப் பிறகு, தனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொண்ட மனிதரின் அழுகை அது.

படம் 2021 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டு, நடுவர் விருது, ரசிகர் விருது இரண்டையும் அள்ளியது. அடுத்த ஆண்டு ஆஸ்கர், கிராமி. ஆஸ்கர் மேடையில் நடந்த இன்னொன்றும் அறையின் சத்தத்தில் மறைந்துபோனது. வென்றவர்கள் நான்கு பேர். அவர்களைப் பெயர் சொல்லி அழைப்பதற்குப் பதிலாக, க்வெஸ்ட்லவ்வும் நான்கு வெள்ளைக்காரர்களும் என்று ஜோக் அடித்தார் கிறிஸ் ராக். அந்த நால்வரில் ஒருவரான தயாரிப்பாளர் ஜோசப் படேல் தெற்காசிய வம்சாவளியைச் சேர்ந்தவர். அதே இரவில் குறும்படத்துக்காக ரிஸ் அகமதும் அனில் கரியாவும் ஆஸ்கர் வென்றிருந்தார்கள். ஒரே இரவில் மூன்று தெற்காசியர்கள் வென்ற பெருமை அப்படியே அமுங்கிப் போனதே என்ற கோபத்தைப் பிறகு படேல் வெளிப்படையாகவே எழுதினார்.

க்வெஸ்ட்லவ் அதோடு நிற்கவில்லை. ஸ்லை ஸ்டோனின் வாழ்க்கையைத் தனிப் படமாக எடுத்தார். 'ஸ்லை லிவ்ஸ்!' 2025 தொடக்கத்தில் வெளியானது. அதே ஆண்டு ஜூன் 9-ம் தேதி, 82 வயதில் ஸ்லை மறைந்தார். விழா நடந்த மௌன்ட் மாரிஸ் பூங்கா 1973-லேயே பெயர் மாறிவிட்டது. கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வியின் பெயரில் இன்றும் ஹார்லெமில் இருக்கிறது. டல்ச்சின் எடுத்த 40 மணி நேரத்தில் 'சம்மர் ஆஃப் சோல்' மூலம் உலகம் பார்த்திருப்பது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவுதான்.